சுதி இறங்காத கிடார்

புன்னைத்துறையில் ஊக்கு ஏழு நாளில் துருப்பிடிக்கும், பூட்டு ஒரே மழைக்காலத்தில் இறுகிப்போகும், கோயில் மணியின் நாக்கை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், சீதனமாக வந்த தகரப்பெட்டி முதல் பிள்ளை நடக்கப் பழகுவதற்குள் அடிப்பக்கம் சல்லடையாகிவிடும். அப்படிப்பட்ட உப்புக்காற்றில் தொபியாசின் மின்சாரக் கிடார் மட்டும் இருபத்திரண்டு வருஷமாகச் சுதி இறங்காமல் இருந்தது. ஒரு கம்பிகூட மாற்றியதில்லை. கடல்தண்ணீர் கரிப்பதை யார் அதிசயமாகப் பேசுகிறார்கள், அதுபோல இதையும் ஊரில் யாரும் பேசவில்லை. வயிறு எரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் பெயர் கஸ்பார், தொபியாசின் சகலை.

அக்காள் கித்தேரியைக் கட்டியவர் கஸ்பார், தங்கை ரொசாரியைக் கட்டியவன் தொபியாஸ். கஸ்பார் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு விசைப்படகு எஞ்சின் பிரிக்கப் போனவர், ஆனால் அந்தத் துறையில் முதன்முதலாகக் கிடார் தொட்ட விரல் அவருடையது. அது வயிறு பிளந்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய பழைய பெட்டிக் கிடார். அதில் வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அவருக்கு ஒரே ஒரு ஆசை மிஞ்சியது. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த மின்சாரக் கிடாரின் படத்தை வெட்டி, எண்ணெய்க் கையோடு நாலாக மடித்து, கப்பலுக்குச் சமையல்காரனாகப் புறப்பட்டுக்கொண்டிருந்த தொபியாசின் சட்டைப்பையில் சொருகினார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. சகலையிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்பவன் மீசையை மழித்துவிடலாம் என்பது அந்தத் துறையின் பேச்சு.

பதினான்கு மாசம் கழித்துத் தொபியாஸ் நீளமான கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கினான். கப்பல்காரன் வந்தால் மூன்று நாள் வாசலைத் தாண்டாமல் இருப்பான், ஊரார்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஊரே போய்ப் பார்த்தது, கஸ்பார் போகவில்லை. மூத்தவன் வீட்டுக்கு இளையவன்தான் வர வேண்டும் என்று முகத்தை மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, கித்தேரியிடம் கோழி அடிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முதல் நாள் கோழிக்குழம்பு, இரண்டாம் நாள் மிச்சக் குழம்பு, மூன்றாம் நாள் கருவாடு. நான்காம் நாள் காலையில் மூன்று தெருவுக்கு அப்பாலிருந்து, அதுவரை அந்தக் கரை கேட்டிராத ஒரு சத்தம், அலை ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்கி வந்தது. கஸ்பார் வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, எண்ணெய்க் கைலியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றிலிருந்து சகலையோடு பேச்சு இல்லை.

அந்தக் கிடாரின் சங்கதி இது. அதன் வயிற்றில் ஒரு தகடு, ஆறு கம்பியும் அதில்தான் மாட்டியிருக்கும். முன்பக்கம் கம்பிகள் அதை ஒரு பக்கமாக இழுக்கும், பின்பக்கம் குழிக்குள் ஐந்து ஸ்பிரிங் அதை மறுபக்கமாக இழுக்கும், இரண்டு இழுப்புக்கும் நடுவில் தகடு எதிலும் ஒட்டாமல் மிதக்கும். தகட்டில் சொருகிய வளைந்த கம்பிக்கு ஊரார் துடுப்பு என்று பெயர் வைத்தார்கள். துடுப்பை அழுத்தினால் சத்தம் பள்ளத்தில் இறங்கும், விட்டால் மேலே வரும். ஆனால் அப்படிப்பட்ட கிடாருக்குச் சுதி சேர்ப்பது கட்டுமரத்தில் ஆறு பேரை நிற்கவைப்பது மாதிரி. ஒருவன் கால் மாற்றினால் ஐந்து பேரும் சரிவார்கள். ஒரு கம்பியை முறுக்கினால் தகடு அசையும், மற்ற ஐந்தும் இறங்கும். ஐந்தையும் ஏற்றிவிட்டு வந்தால் முதல் கம்பி போயிருக்கும். துடுப்பை நாலு தடவை ஆட்டினால் எல்லாமே போயிருக்கும். இதையெல்லாம் கஸ்பார் அந்தப் பத்திரிகைப் படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார், எஞ்சின் தெரிந்தவனுக்கு இழுப்பும் எதிரிழுப்பும் தெரியாதா. ஒரு மழைக்காலம் தாண்டாது, தானாகச் சீரழிந்து தன் படியேறி வருவான் என்று அவர் கணக்குப் போட்டார்.

மழைக்காலம் இருபத்திரண்டு தாண்டியது. தொபியாஸ் கம்பிகள் துணிக்கொடிபோலத் தொங்கும்வரை துடுப்பை அழுத்துவான், விட்ட மறுகணம் ஆறும் விட்ட இடத்தில் வந்து நிற்கும். ஊர் அந்தச் சத்தத்தின்மேல் குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. மீன் ஏலக்காரன் மூன்றாம் கம்பியைக் கேட்டு அதே குரலில் ஏலத்தைத் தொடங்கினான், அப்படித் தொடங்கிய ஏலத்தில் சண்டை வருவதில்லை. மூடுபனியில் திசை தப்பிய வள்ளங்கள் தடித்த கம்பியின் முழக்கத்தைப் பிடித்துக் கரை சேர்ந்தன. பால்குடி மறக்காத பிள்ளைகளைத் தொபியாஸ் வீடு இருந்த மூன்றாம் தெருவுக்குத் தூக்கிப்போய் மெல்லிய கம்பியைக் கேட்கவைத்தார்கள், மறந்தன. திருவிழாவில் மாதாவின் சப்பரத்தைச் சுமப்பவர்கள் நாற்பது பேரும் துடுப்பு இறங்கும்போது ஒரு கால், ஏறும்போது ஒரு கால் என்று எடுத்துவைக்க, மாதா நிஜமாகவே கடல்மேல் வருவதுபோல அசைந்து வந்தாள். ஒருவருஷம் ஒலிபெருக்கி பழுதுபார்க்க நகரத்திலிருந்து வந்த ஆள் கிடாரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தான். ஐந்து கொக்கி இருந்தது. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடிச் செம்பொடி இருந்தது. ஸ்பிரிங் துருவாகி உதிர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்க வேண்டும். அவன் பொடியை ஊதிவிட்டு, மூடியை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் கேட்டான்.

"அப்போ எதிர்ப்பக்கம் எதுதான்வே இழுக்குது?" என்றான் ஏலக்காரன்.

"என்னமோ இழுக்குது. ஓடுத எஞ்சினைப் பிரிக்காதேன்னு எங்க சகலை சொல்லுவாரு" என்றான் தொபியாஸ்.

எது இழுக்கிறது என்பது கஸ்பாருக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது தெரிந்தது. மூன்று நாள் அவருக்கு நினைவில்லை. நினைவு தப்பிய அதே நாழிகையில் தொபியாசின் கிடாரில் கம்பிகள் தகட்டைப் பிடுங்கி நிறுத்திவிட்டு, வெந்த சேமியாவைப்போல மரத்தின்மேல் விழுந்து கிடந்தன. ஏலத்தில் மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. மூன்றாம் நாள் உச்சிமணி அடிக்கையில் கஸ்பார் கண்ணைத் திறந்தார். கித்தேரி கஞ்சித்தண்ணீரை வாயில் விட்டாள். விழுங்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அவன் இன்னும் அதை வச்சு ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கானா?"

அவர் கேட்டு முடிக்கவும், மூன்றாம் தெருவில் ரொசாரியின் கண்ணெதிரே ஆறு கம்பியும் எழுந்து விறைக்க, தகடு இடத்தில் உட்கார்ந்தது. சாயங்காலம் அக்காளும் தங்கையும் கிணற்றடியில் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் குடத்தைக் கீழே வைத்தார்கள். ஒருவாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்தது, கஸ்பாருக்குத் தவிர.

அதன்பிறகு புன்னைத்துறை கஸ்பாரின் பொறாமையை ஊர்க்கிணற்றைப்போலப் பராமரித்தது. நடுத்துண்டு சீலா மீனைத் தொபியாஸ் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் வேண்டுமென்றே சுற்றி கஸ்பார் வாசல்வழியாகப் போனார்கள். முடிவெட்டுகிறவன் அவர் தலையைக் குனியவைத்துக்கொண்டு, "தொபியாஸ் அண்ணனுக்கு வழுக்கையிலயும் ஒரு களை இருக்கு பாத்தீரா" என்றான். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, பெண்கள் கித்தேரியைப் பார்க்கவருவதுபோல வந்து, ரொசாரியின் புதுப்புடவையைப் பற்றிச் சத்தமாகப் பேசிவிட்டுப் போனார்கள். தன் வீட்டுக்கு இத்தனை பேர் வந்துபோவது கஸ்பாருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனாலும் அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, "சாமி, சகலைமேல பொறாமைப்பட்டேன்" என்று மறைக்காமல் சொன்னார்.

பங்குச்சாமி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவார். "இதுக்கு இப்போ மன்னிப்புக் கொடுக்க முடியாது கஸ்பார். திருவிழா முடியட்டும்."

திருவிழா முடிந்ததும், மூடுபனிக்காலம் முடியட்டும், வள்ளங்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பார். மூடுபனி முடிந்ததும் மறுபடி திருவிழா வந்துவிடும். இப்படி நாலு வருஷம், மன்னிப்பு இல்லாததால் பூசையில் நன்மை அப்பம் வாங்காமல் கஸ்பார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொபியாஸ் முதல் ஆளாக நாக்கை நீட்டி வாங்கிவிட்டு வருவதை அங்கிருந்து பார்த்தார், கிடார் இன்னும் கணீரென்று பேசியது.

ஊரின் ரகசியத்தை உடைத்தது கித்தேரிதான். நன்மை வாங்காத புருஷனோடு கோயிலுக்குப் போய்வருவது அவளுக்கு ஆறாத புண். ஒருநாள் மீன் அரிந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"உங்க வயித்தெரிச்சல்ல ஊருக்குச் சுதி நிக்குது. நீங்க எக்கேடு கெட்டா அவங்களுக்கு என்ன. நாளைக்குக் கண்ணை மூடினா மாதா முகத்துல எப்படி முழிப்பீங்க?"

அவர் விவரம் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கொக்கி, செம்பொடி, உச்சிமணி, சீலா மீன், முடிவெட்டுகிறவன் வரை. எதிர்ப்பக்கம் இருபத்திரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது தான்தான் என்பது முதலில் அவர் மார்பை நிமிர்த்தியது. அப்புறம் வேறொன்று உறைத்தது. இழுப்பை விட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது, பாவமும் தீர்ந்தது. ஒரே கல், இரண்டு மாங்காய்.

மறுநாளிலிருந்து கஸ்பார் பொறாமையை விட்டார். தொபியாஸ் கப்பலை விட்டு வந்து வாங்கிய வள்ளத்தின் எஞ்சினைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சரிசெய்தார், அவன் வீட்டுக் கூரைக்கு ஓலை அனுப்பினார், அவன் பெயரைச் சொல்லி செபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி செபம் சொன்னார். ஒவ்வொன்றையும் செய்துமுடித்துவிட்டு, இறங்கிவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கிடார் இறங்கவில்லை, ஏறியது. அவர் எவ்வளவு நல்லவராக நடந்தாரோ அவ்வளவுக்குக் கம்பிகள் விறைத்து, அரைச்சுரம், ஒரு சுரம் என்று மேலே போயின. ஏலக்காரன் கீச்சுக்குரலில் ஏலம் போட்டான், கோயில் பாடகர்களுக்குத் தொண்டை கட்டியது, சேவல்கள் பாதியில் நிறுத்திக்கொண்டன. ஊர்ப்பெரியவர்கள் ஏழுபேர் கஸ்பார் வாசலுக்கு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வோய், உமக்குப் புண்ணியமாப் போவும், இந்த நல்ல காரியத்தை எல்லாம் நிறுத்தும். பழையபடி சும்மா வயிறெரிஞ்சுக்கிட்டு இரும்" என்றார்கள்.

அவர்கள் போனபின் கஸ்பார் மெக்கானிக்காக யோசித்தார். பசியை விடுகிறேன் என்று சொல்லிப் பசி போகாது, சாப்பிட்டால்தான் போகும். சட்டையை மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மூன்றாம் தெருவுக்கு நடந்தார். தெருவில் பெண்கள் உலையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப்பார்த்தார்கள்.

தொபியாஸ் முற்றத்தில் பழையகஞ்சியும் சுட்ட கருவாடுமாக உட்கார்ந்திருந்தான். சகலையைப் பார்த்ததும் கையைக் கழுவாமலே எழுந்தான்.

"வாரும் சகல. கஞ்சி குடிக்கீரா?"

"கஞ்சி குடிக்க வரலை. எனக்குன்னு வாங்கினதை எனக்குக் கொடு."

மீசையை மழிக்க வேண்டிய வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. தொபியாஸ் உள்ளே போய்க் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தான்.

"இந்தா எடுத்துக்கிடும்."

"என்னலே, உடனே கொடுக்க?"

"உம்மதுதானே. வந்து இறங்கின அன்னைக்கு, எங்கலே என் கிடாருன்னு வருவீருன்னு பாத்தேன். மூணு நாளு பெட்டியைத் திறக்கலை. கப்பக்காரன் வாசல் தாண்டக் கூடாதுல்லா, அதனால நான் வரலை. நீரும் வரலை. நாலாம் நாளு, உப்புக்காத்துல துருப்பிடிச்சிருமேன்னு எடுத்துத் துடைச்சேன். துடைக்கும்போது கை பட்டுது, சத்தம் வந்துது. சரி, நீரு வாரவரைக்கும் வாசிப்போம்னு வாசிச்சேன்." தொபியாஸ் கருவாட்டு முள்ளைப் பல்லிலிருந்து எடுத்தான். "நீரு இன்னைக்குத்தான் வாரீரு."

பெட்டிக்குள் கிடாரின் கழுத்தடியில் அந்தப் பத்திரிகைப் படம் நாலாக மடித்தபடி இருந்தது, மூலையில் கஸ்பாரின் பெருவிரல் எண்ணெய்க்கறையோடு. கோழி அடித்துக் காத்திருந்த மூன்று நாளும் அவன் பெட்டியைத் திறக்காமல் காத்திருந்த மூன்று நாளும் ஒரே மூன்று நாள்தான் என்பது கஸ்பாருக்கு விளங்கியது. வீடு வந்து சேர்வதற்குள் அவருக்குள் ஏதோ ஒன்று கொக்கியிலிருந்து கழன்று விழுந்தது. பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோலவும் இருந்தது.

பெட்டியைத் திறந்தார். கம்பிகள் வெந்த சேமியாவாகக் கிடந்தன.

திருவிழாவின் கடைசி நாளுக்கு மூன்று நாள் இருந்தது. கஸ்பார் எஞ்சின் ஸ்பிரிங் ஐந்தைத் தேர்ந்தெடுத்துக் கொக்கியில் மாட்டினார், மாட்டி முடிப்பதற்குள் ஐந்தும் நீண்டு வெறும் கம்பியாயின. முறுக்காணியைத் திருகினார். தடித்த கம்பியை ஏற்றினால் மெல்லியது போனது, மெல்லியதை ஏற்றினால் நடுவிலிருப்பது போனது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று சுற்றிச்சுற்றி வந்து விரல்நுனி பிய்ந்தது. புன்னைக்கட்டையைச் செதுக்கி ஆப்பாக்கித் தகட்டுக்கு அடியில் அடித்தார், சுதி நின்றது, துடுப்பு அசையவில்லை. ஒத்திகையில் சப்பரக்காரர்கள் நாற்பது பேரும் எந்தக் காலை எடுத்துவைப்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்துவிட்டு ஆப்பைப் பிடுங்கினார். ஏலம் மறுபடி அடிதடியானது. இரண்டு வள்ளம் பக்கத்துத் துறையில் போய் ஏறின. பங்குச்சாமி வீடு தேடி வந்தார்.

"இப்போ பொறாமை இல்லையா கஸ்பார்?"

"இல்லை சாமி. தேடிப் பாத்துட்டேன்."

"அப்போ திருவிழாப் பூசையில மன்னிப்பும் நன்மையும் கொடுத்துருதேன்" என்றார் பங்குச்சாமி, சாவுக்குச் சொல்லிவிடுகிறவர் முகத்தோடு. கித்தேரி மட்டும் அழுதுகொண்டே சிரித்தாள், வெள்ளை வேட்டியை வெளுத்து மடித்து வைத்தாள். கடைசி நாள் காலைப் பூசையில், நாலு வருஷத்துக்குப் பிறகு கஸ்பார் நாக்கை நீட்டினார்.

அன்று மாலை வெயில் தாழும்போது கொடிமரத்தடி மேடையில் கஸ்பார் கிடாரோடு உட்கார்ந்தார். சப்பரம் கோயில் வாசலில் நின்றது, நாற்பது தோளும் கீழே குனிந்திருந்தன, ஊர் முழுக்க மணலில் நின்று மேடையைப் பார்த்தது. மடியில் இருந்தது அவர் ஆசைப்பட்ட அதே கிடார், அவருடைய கிடார், அவர் பெயர் சொல்லி வாங்கியது. ஒரு கம்பியைத் தொட்டார். ஈரத்துணியை உதறினாற்போல ஒரு சத்தம் வந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். முறுக்காணியைத் திருகினார், திருகினார். கித்தேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கவிழ்த்துப்போட்ட ஒரு வள்ளத்தின்மேல் தொபியாஸ் ரொசாரியோடு உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். ஒரு வாய் அவளுக்கு, ஒரு வாய் அவனுக்கு. காலை ஆட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷம் கையிலிருந்த ஒன்றைக் குடையைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு வந்த கை, பொட்டலத்துக்கும் வாய்க்குமாக எந்தக் குறையும் இல்லாமல் போய்வந்தது. கொடுத்த அன்று இரவு அவன் விட்ட குறட்டையில் சுவர்ப்பல்லி விழுந்ததாக ரொசாரி சொல்லியிருந்தாள். கஸ்பார் அந்தக் கையைப் பார்த்தார். தனக்கு ஒருநாளாவது அப்படி ஒரு உறக்கம் வந்திருக்கிறதா என்று நினைத்தார். கிடார் இருந்தபோதும் அவனுக்குச் சந்தோஷம், இல்லாதபோதும் அவனுக்குச் சந்தோஷம், கேட்டவுடன் கொடுக்க எங்கேயடா படித்தான் இவன், எந்தக் கப்பலில் விற்கிறது அது, அதற்கு எந்தப் பத்திரிகையில் படம் வரும்.

தொப்புளுக்கு வலப்பக்கம், பழகிய இடத்தில், பழகிய சூடு எழுந்தது.

தடித்த கம்பி முதலில் அசைந்தது. பிறகு அதற்கு அடுத்தது. அவர் முறுக்காணியைத் தொடவில்லை. மடியில் தகடு மெல்ல அமிழ்ந்து இடத்தில் உட்கார்ந்தது, ஆறு கம்பியும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விறைத்து நின்றன. ஏலக்காரன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். பங்குச்சாமி, காலையில் கொடுத்த மன்னிப்பு சாயங்காலம்கூடத் தாங்காததைப் பார்த்துத் தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

கவிழ்ந்த வள்ளத்தின்மேலிருந்து தொபியாஸ் கையைத் தூக்கினான். "சகல, சுதி சேந்துட்டா?"

"சேந்துட்டு" என்றார் கஸ்பார்.

துடுப்பை அழுத்தினார். நாற்பது கால்கள் எழுந்தன, மாதா அசைந்தாள், மணலில் நின்ற ஊர் முழுவதும் அவளோடு ஒருபக்கம் சாய்ந்து, அவர் விட்டபோது விட்ட இடத்தில் வந்து நின்றது. விரல்களுக்குக் கம்பி தெரியும். கஸ்பார் கிடாரைக் குனிந்து பார்க்கவே இல்லை. சப்பரம் கடற்கரை போய்த் திரும்பும்வரை, கூட்டத்தில் எங்கே தவறிவிடுவானோ என்று, பொரிகடலை தின்றுகொண்டிருந்த அந்த ஒருவனையே பார்த்துக்கொண்டு வாசித்தார்.